அம்மாவின் கட்டை விரலும் ஒரு டிவி கேமும்

என்னோடு படித்தவர்களே, என் வயதுக்காரர்களே, நம்மில் யாரும் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு நான் கைப்பேசியில் டிவி கேம் விளையாடுகிறேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் நான். ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் மதியம் பள்ளி மணியடிப்பதற்கு முன்பே போய், நிழல் பார்த்து வேனை நிறுத்திவிட வேண்டும். பிந்தினால் பெற்றோர்களின் கார்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்திய பிறகு பிள்ளைகள் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எதிரே இருக்கிற சுண்ணாம்பு மலையை எத்தனை நாள் பார்ப்பது? மற்ற வேன்காரர்கள் அரசியல் சண்டை பார்க்கிறார்கள், சமையல் பார்க்கிறார்கள். நான் தலையில் விளக்குக் கட்டிய ஒரு சின்ன மனிதனைக் குகைக்குள் ஓட வைக்கிறேன்.

மகன்தான் ஏற்றிக் கொடுத்தான். தஞ்சோங் மாலிம் பக்கம் கார்த் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வார இறுதியில் வீட்டுக்கு வருவான். பழைய கேம் பெட்டி செய்த வேலையைக் கைப்பேசியே செய்கிற மாதிரி ஒரு செயலி இருக்கிறதாம், எமுலேட்டர் என்றான். "என்ன கேம் வேணும்மா, சொல்லுங்க" என்று கேட்டான். எனக்குப் பெயர் தெரியாது. சின்ன வயதில் எங்களிடம் இருந்த கேம் கேசட்டில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. "குகை. வௌவால். தலையில விளக்கு. மஞ்ச கேசட்டு" என்றேன். அவன் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தான். நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த இசை வந்தது. தகரக் கூரையில் மழை பெய்யும்போது பாதிதான் கேட்கும் இசை. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "இதான்" என்று சொல்லிவிட்டேன்.

கேமில் ஓடுகிற அந்தச் சின்ன மனிதனின் சட்டை பச்சை நிறம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை.

கண்ணாடித் திரையில் விளையாடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பொத்தான்களைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் அமுங்காது. பொத்தான் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. கொஞ்சம் விலகினாலும் அவன் குதிக்காமல் நேராகப் பள்ளத்தில் போய் விழுவான். மகனுக்கு என் மேல் பாவமாகிவிட்டது. "சேவ் போட்டுக்குங்கம்மா. செத்தா அங்கேருந்தே தொடங்கலாம். இந்தப் பக்கம் அமுக்குனா பின்னால சுத்தியே போயிடலாம்" என்றான். கொஞ்ச நாள் அப்படியும் ஆடிப் பார்த்தேன். விழுந்தால் பின்னால் சுற்றுவது, மறுபடி குதிப்பது. ஐந்தாம் குகைவரைக்கும் போய்விட்டேன், ஆனால் போன மாதிரியே இல்லை. அதை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் செத்தால் முதலிலிருந்துதான். மூன்றாம் குகையில் தண்ணீர் ஏறுகிற இடத்தில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தாண்டிவிடுவேன்.

பள்ளி மணியடிக்கும்போது கட்டை விரலின் அடிப்பக்கம் வலிக்கும். அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வேன் கதவைத் திறப்பேன். அப்படித் தேய்க்கும்போதெல்லாம் அம்மாவின் கட்டை விரல் ஞாபகத்துக்கு வருகிறது. உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த விரலைப் பற்றித்தான்.

ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்த வருடக் கடைசி லீவு அது. ஈப்போவுக்கு வெளியே, பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அம்மா பால் வெட்டினார். எனக்கு ஒரு தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த சித்தப்பா, தீபாவளிக்கு வந்தபோது அந்தக் கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைப் பெட்டி. கைப்பிடிகள் இரண்டும் கருஞ்சிவப்பு. ஒயர் குட்டை என்பதால் டிவிக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் ஓடினாலே அடியில் இருக்கும் கரண்ட் பெட்டி சூடாகி, இஸ்திரி போட்ட துணி வாசனை மாதிரி ஒன்று வரும். அதோடு ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக் கொட்டகையின் வாசனையும் சன்னல் வழியாக வந்து சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் அந்த இரண்டு வாசனையையும் என்னால் பிரித்து நினைக்க முடியாது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருடைய அம்மாக்களும் விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள். அதனால் அந்தக் கேம் மனிதனுக்கு நாங்கள் வைத்த பெயர் வெட்டுக்காரன். அவன் ஏன் மரத்துக்குப் போகாமல் குகைக்குள் போகிறான் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

தீபாவளி முடிந்த பிறகு ஒரு ஈரமான காலையில் அம்மா மேட்டில் சறுக்கி விழுந்தார். விழும்போது பால்வெட்டுக் கத்தியை விடாமல் பிடித்திருக்கிறார், ஆனால் பிடித்த இடம் பிடி இல்லை, அலகு. வலது கட்டை விரலை மடக்கும் நரம்பு அறுந்துபோனது. அப்பா லோரியிலேயே ஏற்றிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். தைத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். அம்மா மயக்கத்தில் இருந்ததால், டாக்டர் மலாயில் பேசியதை அப்பாதான் கேட்டு வந்து சொன்னார்: கையை அசைக்கவே கூடாது.

தையல் பிரித்த பிறகும் அந்த விரல் குச்சி மாதிரி நின்றது. சோற்றைப் பிசைய முடியாது. என் தலையைப் பின்ன முடியாது. பொத்தான் போட முடியாது. அம்மா அழுது நான் பார்க்கவில்லை. காலை வேளையில் எல்லாரும் வெட்டுக்குப் போன பிறகு, வெறிச்சென்ற லயத்தில் உட்கார்ந்து அந்த விரலை மற்றக் கையால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சேதியும் வந்தது. காலைப் பெரட்டில், ஆள் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொன்னாராம்: தோட்டம் கைமாறிவிட்டது, புது வருடத்தோடு வெட்டு நிற்கும், வீடுகளையும் காலி பண்ண வேண்டியிருக்கும். அன்று மத்தியானம் லயத்தில் யார் வீட்டிலும் ரேடியோ பாடவில்லை. அப்பாவுக்கு டவுனில் லோரி வேலை கிடைத்துவிடும். ஆனால் ஒருவர் சம்பளத்தில் வாடகை கொடுத்துப் பிள்ளைகளையும் படிக்கவைக்க முடியாது என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

பக்கத்து வீட்டில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டோம். பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. சேதி எதுவாக இருந்தாலும் எங்கள் வாசலுக்குத்தான் முதலில் கொண்டுவருவார்.

"டவுன்ல எலக்ட்ரானிக் பேக்டரி பொம்பள ஆளு எடுக்கிறாங்களாம்" என்றார். "படிப்பு கேக்க மாட்டாங்களாம். வெரலத்தான் பாப்பாங்களாம். தம்மாத்தூண்டு கம்பிய ஓட்டைல போடச் சொல்லுவாங்களாம். வெரசா போடணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் கையைப் பார்த்தார். "நீ கவலப்படாத லா, உனக்கு வேற ஏதாச்சும் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு மத்தியானம் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்ட வெரல எத்தன தடவதான் அமுக்குவ?"

"தெரியலம்மா. எண்ண முடியாது."

"வலிக்கலயா?"

"மொதல்ல வலிச்சிச்சு. இப்ப இல்ல."

"இங்க குடு."

தம்பி அழ ஆரம்பித்தான். அவனுடைய முறை அது. அம்மா அவனைப் பார்க்காமலேயே கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் அவரால் பொத்தானை அமுக்கவே முடியவில்லை. இடது கையால் வலது கட்டை விரலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். வெட்டுக்காரன் முதல் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டே இருந்தான். நேரம் முடிந்து செத்தான். அம்மா, "மறுபடி போடு" என்றார். அவன் செத்தால் ஓர் இசை வரும், இறங்கிக்கொண்டே போகிற மாதிரி. அந்த லீவு முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் பாட்டு. சமைக்கும்போது, குளிக்கும்போது, ஏன், தூக்கத்தில்கூட எனக்குக் கேட்கும்.

காலையில் கஞ்சி வைத்துவிட்டு உட்கார்ந்தால் அப்பா வரும் நேரம்வரை. விரல் வீங்கும். வெந்நீரில் வைப்பார். திரும்ப உட்காருவார். முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை மூக்கால் விட்டுக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர் மாதிரிதான் ஆடுவார். விரல் நுனி வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும், மூட்டின் பக்கவாட்டால் பொத்தானை அமுக்கப் பழகினார். ஒரு நாள் வெட்டுக்காரன் குதித்தான். பள்ளத்தின் நடுவில்தான் போய் விழுந்தான், ஆனால் குதித்தான். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா, "மறுபடி போடு" என்றார்.

லயத்தில் பேச்சு கிளம்பியது. தோட்டம் போகப்போகிறது, கை போய்விட்டது, அந்தப் பொம்பளை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அத்தை அப்பாவிடம் வந்து, யாரும் கேட்காத மாதிரி நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"அண்ணே, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. பயந்தவங்களுக்கு இப்படித்தான் வரும். கோயில்ல ஒரு தடவ மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டா நல்லது."

அப்பா கயிறு கட்டவில்லை. ஆனால் மறுநாள் பெட்டியை ஒயரோடு சுருட்டித் தூக்கி, லோரியில் அவருடைய சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

"டாக்டர் அசைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீ வெளையாடி வெளையாடி இருக்கிறதையும் கெடுத்துக்குவ."

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, கீரை. தட்டை வைத்துவிட்டு அம்மா, "கையக் குடுங்க" என்றார். கழுவத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அப்பா நீட்டினார். அம்மா மடியிலிருந்து ஒரு துணிக் கிழிசலை எடுத்து, அவருடைய வலது கட்டை விரலை உள்ளங்கையோடு சேர்த்துச் சுற்றினார். ஒரு நுனியை இடது கையாலும் மறு நுனியைப் பல்லாலும் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இப்ப சாப்புடுங்க."

அப்பா சிரித்தார். பிறகு பிசைந்து பார்த்தார். நான்கு விரலில் சோறு நிற்கவில்லை. குழம்பு மணிக்கட்டுவரை வழிந்தது. கருவாட்டில் முள் எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கையைக் கொண்டுபோனார். அம்மா அதைத் தட்டிவிட்டார்.

"சாப்பாடு முடிஞ்சதும் இப்படியே லோரி ஓட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் நான் சும்மா இருக்கணும்னு சொல்லுங்க, இருக்கேன்."

தம்பியும் நானும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா அந்தக் கையோடேயே எழுந்து லோரிக்குப் போய், பெட்டியை இடுக்கிக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். "அவுத்து விடு" என்றார். அம்மாவால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் போனேன். டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார். எப்படிப் பழக்கினீர்கள் என்று மலாயில் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "பாகுஸ்" என்றார். நல்லது, இன்னும் செய்யுங்கள், தையல் பிரித்த பிறகு அசைக்கச் சொல்லி நான் முதலிலேயே சொல்லியிருந்தேனே என்றார். அப்பா சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில், பாதி வழியில் அப்பா சொன்னார்.

"மொத தடவையும் இதத்தான் சொன்னாரு போல. கத்தி வச்சுத் தச்சிருக்காங்க, அசைக்கக் கூடாதுங்கிறதுதான் என் காதுல விழுந்துச்சு."

அம்மா சன்னல் பக்கம் பார்த்தபடி, "போவுது விடுங்க" என்றார். கை மட்டும் மடியில் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வருடம் முடிவதற்குள் பேக்டரிக்குப் போனோம். அம்மாவுக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் என்னையும் கூட்டிப் போனார். உள்ளே அப்படியொரு குளிர். எனக்கு அதற்கு முன்பு ஏர்கான் என்றால் டவுன் வங்கியில் கதவு திறக்கும்போது காலில் படுகிற காற்று மட்டும்தான். நீள மேசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டை போட்ட பலகை ஒன்று, ஒரு கிண்ணத்தில் குட்டிக் குட்டிக் கம்பிகள், எடுத்துப் போட ஓர் இடுக்கி. தலையில் துண்டு கட்டிய மலாய்க்கார மேற்பார்வையாளர் ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா இடுக்கியை எடுத்ததுமே மேற்பார்வையாளர் அந்த விரலைப் பார்த்துவிட்டார். "தக் போலே லா, அக்கா" என்றார். முடியாது அக்கா என்று அவர் சொன்னதில் கடுமை இல்லை. வருத்தம்தான் இருந்தது.

அம்மா, "போடுறேன், பாருங்க" என்று மலாயில் சொன்னார்.

எல்லாரும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கியைப் பிடித்திருந்தார்கள். அம்மா அதை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து, கட்டை விரலின் பக்கவாட்டை முட்டுக்கொடுத்துக்கொண்டார். பொத்தானை அமுக்கிய அதே இடம். ஒவ்வொரு கம்பியாக எடுத்தார். மற்ற பெண்கள் முடித்து நிமிர்ந்த பிறகும் அம்மாவின் பலகையில் ஒரு ஓரம் காலியாக இருந்தது. நேரம் முடிந்துவிட்டது.

மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"சுபா லாகி" என்றார். இன்னொரு தடவை.

பின்னால் வேறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அந்த வரிசையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கம்பிகளைக் கிண்ணத்தில் திரும்பக் கொட்டினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட ஆரம்பித்தார். அந்த மூச்சை நான் வீட்டில் எத்தனை மத்தியானம் கேட்டிருப்பேன். பலகை நிரம்பியது. வேகமாக நிரம்பியது என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்பார்வையாளர் குனிந்து பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மற்றவர்களின் பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பி சாய்ந்திருந்தது. அம்மாவுடையதில் ஒன்றுகூடச் சாயவில்லை.

"மெதுவாத்தான் வருது" என்றார் என்னிடம் மலாயில். "ஆனா திருத்தமா வருது. கொஞ்ச நாள் வச்சுப் பாக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எனக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்துபோயிருந்தது.

சேதி எங்களுக்கு முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அத்தை வாசலில் வந்து நின்றார். பின்னால் இன்னும் சில பெண்கள், வெட்டு முடிந்து குளித்த ஈரத் தலையோடு.

"அந்த வெட்டுக்காரன எங்களுக்கும் காட்டு" என்றார் அத்தை.

அம்மா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பாயை விரித்தார். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பால் பிசுக்கு ஏறிய, காய்த்துப்போன விரல்கள், ஒன்றன் பின் ஒன்றாக அந்தச் சின்னக் கைப்பிடியை வாங்கிக்கொண்டு, வெட்டுக்காரனைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே இருந்தன. அவன் குதிக்கும்போது இவர்களும் பாயைவிட்டு எழும்புவார்கள். தம்பி ஆசிரியர் மாதிரி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, "இங்க குதிக்கணும், இங்க குனியணும்" என்று டிவியைத் தட்டிக் காட்டுவான். எங்கள் இரண்டு பேருக்கும் விளையாட முறையே வரவில்லை.

அத்தை எல்லாரையும் மிஞ்சிவிட்டார். அந்தப் பெரிய கைகளுக்கு அப்படியொரு லாவகம். நானே போகாத குகைக்கெல்லாம் போனார். விழுந்தால் வயிறு குலுங்கச் சிரிப்பார். "இவன் என் வீட்டுக்காரர் மாதிரி லா, சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்பார்.

அந்தப் பெண்களில் பாதிப்பேருக்கு பேக்டரியில் இடம் கிடைத்தது. அத்தை பலகையை எல்லாருக்கும் முன்னால் நிரப்பினாராம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு கண்ணில் புகை மாதிரி இருந்திருக்கிறது. அது அவருக்கே அதுவரை தெரியாது. சுபா லாகி என்று கேட்டுப் பார்த்தாராம். கண்ணை இன்னொரு தடவை கேட்டு என்ன ஆகப்போகிறது.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில் நாங்கள் ஈப்போ டவுனில், புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். லோரியில் சாமான் ஏற்றும்போது அம்மா கேம் பெட்டியைத் துணியில் சுற்றினார். சட்டிகளோடு வைக்கத்தான் என்று நினைத்தேன். நேரே அத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். தம்பி தரையில் புரண்டான். நான் டவுன் வந்து சேரும்வரை அம்மாவோடு பேசவில்லை. அத்தை ஜொகூரில் இருந்த மகனிடம் போனார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அந்த லயத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பக்கம் போனது. கைப்பேசி இல்லாத காலம், போனவர்கள் போனவர்கள்தான். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கேட்டுகள்.

அம்மா அந்தத் தொழிற்சாலையில் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை இருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், தம்பி படித்தான். அப்பா காலமாகிச் சில வருடமாகிறது. அம்மா இன்னும் புந்தோங்கில்தான் இருக்கிறார். கூட வந்து இருங்கள் என்றால், "வாரேன், வாரேன்" என்பார். வருவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் கைப்பேசியை வைத்தேன். எனக்குள் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடமாக என் மனதில், அம்மாவின் வாழ்க்கையில் அவர் விளையாடிய ஒரே காலம் அதுதான். அந்தக் கஷ்டத்திலும் அவருக்கென்று ஒரு சந்தோஷம் இருந்தது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இசை வந்தது. அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு முகத்தைச் சுளித்தார்.

"இந்தச் சனியனா? இது இன்னுமா இருக்கு?"

"உங்களுக்குப் புடிக்கும்னு கொண்டாந்தேன்மா."

"எனக்கா? யாரு சொன்னது? எனக்கு இதக் கண்டாலே ஆவாது. அந்தப் பாட்டக் கேட்டா இன்னைக்கும் வெரல் வலிக்குது. ஆசையா வெளையாடுனவ அவதான், ஒங்க அத்த. அதான் அவகிட்ட குடுத்தேன்."

அம்மா கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"நான் அந்த டிவிய சரியாவே பாத்ததில்ல. வெரலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இவன் பச்ச சட்டையா போட்டிருக்கான்?"

"எனக்கும் இப்பதாம்மா தெரியும்."

"எதுக்கு உள்ள போறான்? தங்கம் எடுக்கவா?"

அதை நானும் இந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கேம் மேல் பைத்தியமான யாரோ, எங்கோ இருந்துகொண்டு, அதில் இருந்த ஜப்பானிய எழுத்தையெல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றிவைத்திருக்கிறார். மகன் ஏற்றிக் கொடுத்தது அதைத்தான். தொடக்கத்திலேயே கதை வருகிறது.

"சொரங்கம் இடிஞ்சு விழுந்திருச்சும்மா. இவன் மட்டும் வெளிய வந்துட்டான். கூட வேலை செஞ்சவங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க. அவங்களக் கூட்டிட்டு வரத்தான் போறான். அங்கங்க மினுக்கு மினுக்குன்னு தெரியுதே, அது அவங்க தலைவெளக்கு. கிட்டப் போயி கொஞ்ச நேரம் நின்னா, பின்னாலயே வருவாங்க."

"நாம அதத் தாண்டித் தாண்டிக் குதிச்சோமே."

"நின்னா நேரம் போயிடும்னு குதிச்சோம்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுக்காரன் விளிம்பில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒங்க அத்தைக்குத் தெரியாம போச்சு" என்றார். "தெரிஞ்சிருந்தா ஒருத்தர விட்டிருக்க மாட்டா."

பிறகு கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் படுக்கவைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, எந்தப் படம் எதற்கு என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மொதல்லேருந்து போடு."

போட்டுக் கொடுத்தேன். முதல் பள்ளத்தில் விழுந்தான். சேவ் போடலாம், பின்னால் சுற்றலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மூச்சை மூக்கால் விட ஆரம்பித்துவிட்டதைக் கேட்டதும், சொல்லாமல் தேநீர் போட எழுந்து போனேன். சமையலறையில் தண்ணீர் கொதிக்கும்வரை அந்த இறங்குகிற இசை கேட்டுக்கொண்டே இருந்தது. விழுந்தான், விழுந்தான், மறுபடி விழுந்தான். பிறகு கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

நான் இரண்டு குவளையோடு திரும்பி வந்தபோது அம்மா நிமிரவில்லை. அந்தச் சின்ன மனிதன் குகைக்குள் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு விளக்கு வந்துகொண்டிருந்தது.